ஆரல்வாய்மொழியில் திறந்த கதவு

சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பூதப்பாண்டிப் பகுதி இளைஞர்கள் இருபது பேரை அழைத்துக்கொண்டு காற்றாடிமலைக்குத் திருப்பயணம் சென்றேன். புனித தேவசகாயம் 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்ட மலை அது. சிலுவைப்பாதையை முடித்துவிட்டுப் பாறையின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று இலையைக்கூட நிலத்தில் தங்க விடவில்லை. கீழே காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றுக்கிடையே பழைய கோட்டைச் சுவரின் எச்சத்தைச் சுட்டிக்காட்டி, அதுதான் திருவிதாங்கூரின் தென்வாசல் என்று சொன்னேன்.

கல்லூரியில் வரலாறு பயிலும் இளைஞன் ஒருவன் உடனே கேட்டான்: "சாமி, நம் மகாராஜா அன்றைக்கு வெள்ளைக்காரனோடு கூட்டுச் சேராமல் இருந்திருந்தால் நாடு அடிமைப்பட்டிருக்காது அல்லவா?" அவன் வாய் மூடுமுன்னே அருகிலிருந்தவன் மறுத்தான்: "சேராமல் இருந்திருந்தால் திப்புவின் படை இந்தக் கணவாய் வரைக்கும் வந்திருக்கும். நம் கோவில்களில் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா?" இருவரும் நெடுநேரம் வாதிட்டனர். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கேள்விகளும் சிறியவையல்ல. சோற்றை மென்றுகொண்டே விடை சொல்லத் தக்கவையும் அல்ல. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பூதப்பாண்டி தோவாளை வட்டத்தின் தலைமையிடம். ஊரிலிருந்து கிழக்கே நோக்கினால், தாடகை மலையையும் அதைத் தொடர்ந்து வரும் குன்றுகளையும் தாண்டி, மலைத்தொடர் சட்டென்று தாழ்ந்து ஒரு வாய் திறந்திருப்பது புலப்படும். பாண்டி நாட்டிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழைய வேண்டிய படைகளுக்கெல்லாம் அந்த வாய்தான் வழி. மதுரை நாயக்கர்களின் வடுகப் படை வந்ததும் அவ்வழியே. படை வரும்போதெல்லாம் முதலில் மிதிபட்டவை நம் வயல்கள். காவல் தர இயலாத அரசுக்கு வரி எதற்கு என்று நாஞ்சில் நாட்டு நாட்டார்கள் கூடி முடிவெடுத்த செய்திகளைப் பழைய ஆவணங்கள் கூறும். ஆகவே போர்க்கால நட்பு, உடன்படிக்கை என்ற சொற்களை நாம் வெறும் ஏட்டுச் செய்தியாக எண்ணுவதற்கில்லை. அரசர்கள் எழுதிய உடன்படிக்கைகளின் விலையை நம் ஊர்க் களத்து மேட்டிலிருந்துதான் அளந்து கொடுத்தார்கள்.

அந்தக் கணவாய்க்கு அரண் எழுப்பியவர் யார் என்பதிலேயே இக்கதையின் முதல் வியப்பு அடங்கியிருக்கிறது. 1741ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக்காரரின் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. அப்போது சிறைப்பட்டவர்களில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் தெ லனாய். அவரை அரசர் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி தரும் பணியில் அமர்த்தினார். பகைவரின் தளபதி, திருவிதாங்கூரின் 'வலிய கப்பித்தான்' ஆனார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்ததும், கடலோரம் வட்டக்கோட்டையைக் கட்டியதும், ஆரல்வாய்மொழி அரணை வலுப்படுத்தியதும் அவரே. அவர் கத்தோலிக்கர். உதயகிரியில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை என்னும் அரசு அலுவலருக்குத் துன்புற்ற யோபுவின் கதையைச் சொல்லி, கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியவரும் அவரே. திருவிதாங்கூருக்குள் அத்தகைய திருமுழுக்கு அக்காலத்தில் எளிதன்று. ஆகவே கணவாயைக் கடந்து வடக்கன்குளம் சென்று 1745இல் அவர் தேவசகாயம் ஆனார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், அதே அரசின் ஆணையால், தெ லனாய் காத்து நின்ற அதே எல்லை வாசலுக்கு மேலேயுள்ள பாறையில் அவர் வீழ்ந்தார்.

தெ லனாய் அதற்குப் பின்னும் அரச சேவையில் இருந்தார். 1777இல் இறக்கும் வரை இருந்தார். தாம் விசுவாசத்திற்கு அழைத்து வந்த மனிதரைக் கொன்ற அரசுக்காக மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் படை நடத்தினார். அவரைக் குறை கூறும் துணிவு எனக்கில்லை. அவர் விலகியிருந்தால் எல்லையோரத்து எளிய கிறிஸ்தவர்களுக்கு இருந்த ஒரே ஆதரவும் போயிருக்கலாம். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 14 திருப்பலியில் அந்தக் கப்பித்தானின் முகம் என் நினைவுக்கு வராமல் போனதில்லை. தேவசகாயத்தின் சாவில் புனிதம் இருக்கிறது. தெ லனாயின் வாழ்வில் நம்மில் பெரும்பாலோரின் நிலைமை இருக்கிறது.

மார்த்தாண்ட வர்மா வல்லரசுகளை ஒன்றுக்கெதிராக மற்றொன்றை நிறுத்தி ஆளக் கற்றவர். 1721இல் ஆற்றிங்கல் மக்கள் அஞ்சுதெங்குக் கோட்டையைச் சேர்ந்த ஆங்கிலேயர் பலரைக் கொன்ற நிகழ்ச்சிக்குப் பின் இரண்டே ஆண்டுகளில், 1723இல், இளவரசராக இருந்தபோதே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன், நம் முன்னோர் வாய்மொழியில் சொன்னால் கும்பினியுடன், உடன்படிக்கை செய்தார். டச்சுக்காரர் பகைவர், ஆங்கிலேயர் நண்பர் என்பது கணக்கு. 1753இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரரோடும் சமாதானம் ஆயிற்று. அவ்வுடன்படிக்கையில் டச்சுக்காரர், மலையாள நாட்டில் தங்களை நம்பியிருந்த மற்ற அரசர்களோடு கொண்ட உறவை விட்டுவிடச் சம்மதித்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் எவருக்காகப் போரிடுவதாகச் சொன்னார்களோ, அவர்களையே கைவிட்டுவிட்டு மிளகு வணிகத்தைக் காத்துக்கொண்டார்கள். திருவிதாங்கூருக்கு அது பெரிய வெற்றி. வல்லரசின் நட்பு எதுவரை நிற்கும் என்ற பாடமும் அதே தாளில்தான் எழுதப்பட்டிருந்தது. வென்றவர்கள் அதைப் படிக்கவில்லை போலும்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். கும்பினியோடு நட்பு முற்றியது கார்த்திகைத் திருநாள் இராம வர்மாவின் காலத்தில். 1758 முதல் 1798 வரை ஆண்ட இவரைத் தர்மராஜா என்று அழைப்பர். மைசூரின் ஹைதர் அலியும், அவருக்குப் பின் திப்பு சுல்தானும் மலபாரைக் கைப்பற்றியபோது, அங்கிருந்து அரச குடும்பத்தினரும் எளியவருமாய்ப் பெருங்கூட்டம் தெற்கே ஓடிவந்தது. தர்மராஜா அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். திருப்பி அனுப்ப மறுத்தார். திப்பு திருவிதாங்கூர்மீது கொண்ட சினத்துக்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம், 1789இல் தர்மராஜா டச்சுக்காரரிடமிருந்து கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய கோட்டைகளை விலைக்கு வாங்கியது. குளச்சலில் சுட்டவன் நாற்பத்தெட்டு ஆண்டுகளில் கோட்டை விற்கும் வியாபாரி ஆகிவிட்டான்!

கத்தோலிக்கரின் கண்ணுக்கு அந்நாளில் திப்பு எவ்வாறு தோன்றியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1784 தவக்காலத் தொடக்கத்தில் மங்களூர்க் கத்தோலிக்கர் பல்லாயிரவர் குடும்பத்தோடு சிறைபிடிக்கப்பட்டுச் சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் சிறையிலும் மாண்டவர் ஏராளம். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம், முந்திய போரில் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்பது. அதாவது, இரு வல்லரசுகளின் பகைக்கு நடுவே ஒரு சிறு சமூகம் எவருக்கு நண்பர் என்ற ஐயத்தின்பேரிலேயே வேரோடு பிடுங்கப்பட்டது. இதே திப்பு சிருங்கேரி மடத்துக்குப் பொருளுதவி செய்தவர், பூர்ணையா என்னும் பிராமணரை அமைச்சராக வைத்திருந்தவர் என்பதையும் நேர்மையோடு சொல்லத்தான் வேண்டும். ஆயினும் சங்கிலியில் நடந்து சென்ற மங்களூர்த் தாய்க்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

1789 டிசம்பர் 28ஆம் நாள் இரவு திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியது. கொடுங்கல்லூர்க் கடற்கரையிலிருந்து மேற்கு மலைகள் வரை ஏறத்தாழ 30 மைல் நீண்ட அரண் அது. அதைச் செம்மைப்படுத்தியவரும் நம் தெ லனாயே. திருவிதாங்கூர்ச் சேனை அன்று தனியாகவே நின்று திப்புவைப் பின்வாங்கச் செய்தது. 'தனியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசர் தம் சொந்தச் செலவில் வரவழைத்து வைத்திருந்த கும்பினியின் பட்டாளங்கள் அண்மையிலேயே இருந்தன. சென்னையிலிருந்து உத்தரவில்லை என்று அவை கைகட்டி நின்றன. சென்னைக் கவர்னர் ஹாலண்டுக்குத் திருவிதாங்கூருக்காகப் போரில் இறங்க விருப்பமில்லை. கல்கத்தாவில் இருந்த காரன்வாலிஸ் பிரபு வேறு விதமாக எண்ணியதால்தான் கும்பினி போரில் இறங்கியது. அதற்குள் 1790 ஏப்ரலில் நெடுங்கோட்டை உடைந்து, ஆலுவா வரை ஊர்கள் அழிந்தன. அங்கமாலி முதலிய இடங்களில் கோவில்கள் எரிந்தன. மழைக்காலமும், கும்பினிப் படை வேறு முனையில் புறப்பட்ட செய்தியும் சேர்ந்து திப்புவைத் திரும்பச் செய்தன.

கும்பினியின் துணை இல்லாதிருந்தால்? மழை நின்றபின் அவர் மீண்டும் வந்திருப்பார் என்றே நான் கருதுகிறேன். அடைக்கலம் தேடி வந்தவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பிழைத்திருக்கலாம். அதைத் தர்மராஜா செய்யவில்லை. அவருக்கு இருந்த வழிகளில் குறைந்த தீமையைத் தேர்ந்தார் என்று கூறினால் அது பிழையாகாது. நம் அறநெறி இறையியலில் உடந்தை என்பதை இரு வகையாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பிறன் செய்யும் தீமையை நானும் விரும்பி, அவனோடு மனமொத்துச் சேர்வது ஒன்று. அது எந்நிலையிலும் பாவம். அவன் நோக்கத்தை ஏற்காமல், வேறொரு பெரும் நன்மைக்காகவோ தற்காப்புக்காகவோ அவன் செயலோடு என் செயல் ஓரளவு பின்னிப்போவது மற்றொன்று. அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும், பிறருக்கு நேரும் கேடு காரணத்தை விஞ்சிவிடக் கூடாது. 1790இல் தர்மராஜா இருந்த இடம் இந்த இரண்டாம் படிதான்.

குருமடத்தில் எங்களுக்கு இதைக் கற்பித்த பேராசிரியர் எடுத்துக்காட்டாகக் கூறியது மக்கபேயர் வரலாறு. சிரியாவின் கிரேக்க அரசரிடமிருந்து திருக்கோவிலை மீட்ட யூதா மக்கபே, தம் சிறு நாட்டைக் காக்க உரோமையருக்குத் தூது அனுப்பி நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார். மக்கபேயர் முதல் நூலின் எட்டாம் அதிகாரம் உரோமையரின் வலிமையையும் ஒழுங்கையும் புகழ்ந்து பேசுகிறது, கண்டிக்கவில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டு கழிந்து, கி.மு. 63இல், உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமுக்குள் நுழைந்து, தலைமைக் குரு மட்டுமே ஆண்டில் ஒருமுறை செல்லும் தூயகத்துக்குள் காலடி வைத்தார். அவரை உள்ளே அழைத்தது யார்? அரியணைக்காகச் சண்டையிட்ட இரு உடன்பிறப்புகள். மக்கபேயரின் வழிவந்த இர்க்கானும் அரிஸ்தோபுலும் தங்களுக்குள் எவர் அரசர் என்ற வழக்கைத் தீர்க்க உரோமையரிடம் போனார்கள். யூதாவின் உடன்படிக்கை கதவில் ஒரு தாழ்ப்பாளாக இருந்தது. பேரப்பிள்ளைகள் அதைத் திறவுகோல் ஆக்கினார்கள்.

நம் நாட்டிலும் அப்படியேதான் நடந்தது என்பது என் கருத்து. 1792இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். மலபார் கும்பினிக்குப் போயிற்று. எவர் பொருட்டுப் போர் தொடங்கிற்று என்று சொன்னார்களோ, அந்தத் திருவிதாங்கூருக்கு வந்தது போர்ச்செலவுக் கணக்கு! தர்மராஜா திடுக்கிட்டார்; ஆனால் கொடுத்தார். 1795இல் நிலையான உடன்படிக்கை வந்தது. மூன்று பட்டாளச் சிப்பாய்களுக்கும் ஒரு பீரங்கிப் படைக்கும் ஆகும் செலவை ஆண்டுதோறும் தருவதென்றும், கும்பினியைக் கேளாமல் வேற்று அரசுகளோடு தொடர்பு கொள்வதில்லை என்றும் எழுதிக்கொடுத்தார். இங்கேயே நாட்டின் கை கட்டப்பட்டது என்று கூறுவோர் உண்டு. எனினும் அப்போது திப்பு உயிரோடிருந்தார். பிரெஞ்சுக்காரரின் துணையை நாடிக்கொண்டும் இருந்தார். அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது.

1799இல் திப்பு மாண்டார். அதன்பின் அச்சத்துக்கு என்ன ஆதாரம்? இங்கேதான் நம் மாவட்டத்து மண்ணின் மைந்தர் வேலுத்தம்பி வருகிறார்.

கல்குளத்தை அடுத்த தலக்குளத்தில் பிறந்த வேலாயுதன் செண்பகராமன் தம்பி, இரணியல் காரியக்காரராக இருந்தவர். தர்மராஜாவுக்குப் பின் வந்த பலராம வர்மா வயதில் இளையவர். அவரைச் சூழ்ந்திருந்த அமைச்சர் மூவர் மக்களிடம் பணம் பிடுங்கினர். 1799இல் வேலுத்தம்பியின் தலைமையில் மக்கள் திரண்டு திருவனந்தபுரத்துக்கு நடந்தனர், அமைச்சர்கள் வீழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் தச்சில் மாத்துத் தரகன் என்னும் சிரியன் கத்தோலிக்க வணிகர். திப்புவோடு நடந்த போரில் தர்மராஜாவுக்குப் பணம் கொடுத்து உதவியவர் அவர். காதறுக்கப்பட்டுச் சிறையில் தள்ளப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிட வரவில்லை. நீதியின் பெயரால் எழுந்த வேலுத்தம்பியின் கை தொடக்கத்திலேயே கடுமையானது என்பதைச் சொல்கிறேன்.

விரைவில் அவர் தளவாய் ஆனார். ஊழல் செய்தவர்கள் நடுங்கினார்கள், வரவுசெலவு சீரானது. ஆனால் 1804இல் நாயர் படையினரின் படியைக் குறைக்க முயன்றபோது, பல்லாயிரம் வீரர் கிளர்ந்து தலைநகரை நோக்கி வந்தனர். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று தளவாயை நீக்க வேண்டும் என்பது. மற்றொன்று, கும்பினியோடு உள்ள கூட்டை விட வேண்டும் என்பது. வேலுத்தம்பி என்ன செய்தார்? கொச்சிக்குச் சென்று கும்பினியின் ரெசிடெண்ட் மெக்காலேயைக் கண்டார். படைத்துணையோடு திரும்பி வந்து கிளர்ச்சியை அடக்கினார். தலைவர்களுக்குக் கொடிய தண்டனை தந்தார். அந்த உதவிக்கு விலை, 1805 ஜனவரியில் வந்த புதிய உடன்படிக்கை. ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் என்று செலுத்த வேண்டிய தொகை ஏறியது. தொகை தவறினால் நாட்டின் நிர்வாகத்தையே கும்பினி ஏற்கலாம் என்றும், அதன் அறிவுரையை அரசர் எக்காலமும் கேட்டு நடக்க வேண்டும் என்றும் விதிகள் சேர்ந்தன.

'அப்படி நடந்திராவிட்டால்' என்று ஒரு கேள்வியை எங்கேனும் வைக்க வேண்டுமானால், நான் 1790இல் வைக்கமாட்டேன், 1804இல் வைப்பேன். அந்தப் படைவீரரின் குறையைத் தளவாய் உட்கார்ந்து கேட்டிருந்தால்? தம் பதவி போனாலும் போகட்டும், வீட்டு வழக்கில் வெளியாளின் வாளை அழைக்க மாட்டேன் என்று நின்றிருந்தால்? எல்லையில் பகைவனைத் தடுக்கக் கொண்டுவந்த வாளை அவர் தம் சொந்த மக்கள்மீது திருப்பினார். அன்று தளர்ந்த அந்தப் படையைத்தான் ஐந்து ஆண்டுகளில் அவர் கும்பினிக்கு எதிராக நிறுத்த வேண்டியதாயிற்று. நம் குடும்பங்களில் காணாததா இது? அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் தம்பியைப் பணியவைக்க ஊரின் செல்வாக்குள்ள ஒருவரைத் துணைக்கு அழைத்து, முடிவில் வயலே அவருடைய பெயரில் பத்திரமான வழக்குகளை முப்பது ஆண்டு குருத்துவப் பணியில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பணம் கட்ட முடியவில்லை. மெக்காலே விடவில்லை. நண்பர்கள் பகைவர் ஆயினர். 1808 டிசம்பர் இறுதியில் வேலுத்தம்பியின் ஆட்களும் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனின் ஆட்களும் மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினர், அவர் தப்பிவிட்டார். ஆலப்புழைக்கருகே கரையிறங்கிய ஆங்கிலேயச் சிப்பாய்கள் முப்பதுக்கு மேற்பட்டோர் பிடிபட்டு, கைதிகளாக இருந்த நிலையிலேயே கொல்லப்பட்டனர். நாட்டு விடுதலைக்காக எழுந்தவர் என்று நாம் போற்றும் வேலுத்தம்பியின் பெயரில் இந்தக் கறை உண்டு. அதை மறைக்க முடியாது. 1809 ஜனவரி 11ஆம் நாள் குண்டறையில் அவர் விடுத்த விளம்பரம் புகழ் பெற்றது. உப்பும் தென்னையும் வரிக்கு உட்படும் என்று அதில் எச்சரித்தார். கோவில்களில் சிலுவையும் கொடியும் நாட்டுவார்கள் என்றும் எழுதினார்.

சிலுவை! நாட்டைப் பிடிக்க வந்தவனின் அடையாளமாகச் சிலுவை அங்கே நின்றது. காற்றாடிமலையில் 57 ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட மனிதர் இந்த மண்ணில் பிறந்து, இந்த அரசுக்கு வேலை செய்து, எந்த வெள்ளைக்காரப் படையின் துணையும் இல்லாமல் சிலுவையை ஏற்றவர். அவருடைய சிலுவை வேறு, குண்டறை விளம்பரத்தில் வரும் சிலுவை வேறு. ஆனால் வேலுத்தம்பி ஒன்றுமில்லாததை இட்டுக்கட்டினார் என்றும் சொல்ல இயலாது. 1806 முதல் மயிலாடியில் சீர்திருத்த சபை மிஷனரி ரிங்கல்தௌபே தங்கி ஊழியம் செய்ததற்கும், அங்கே கோவில் கட்டுவதற்கும் ரெசிடெண்ட் மெக்காலேயின் ஆதரவு இருந்தது. கோவில் எழுந்தது எந்த ஆண்டு? அதே 1809.

பிப்ரவரி 10. கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் பாளையங்கோட்டை வழியாக வந்த கும்பினிப் படை ஆரல்வாய்மொழியை அடைந்திருந்தது. மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவினரோடு இரவில் செங்குத்தான மலைப்பாறைகளில் ஏறி, விடியற்காலையில் மேலேயிருந்த காவல் அரணைத் திடீரெனப் பிடித்தார். மேலிடம் போனதும் கீழேயிருந்த அரண் நிற்கவில்லை. எந்த வாசலைக் காக்கத் திருவிதாங்கூர் கும்பினியை நண்பனாக்கிக்கொண்டதோ, அந்த வாசலைக் கும்பினியே உடைத்து உள்ளே வந்தது. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு சண்டை. பின்னர் உதயகிரியும் பத்மநாபபுரமும் போரின்றிப் பணிந்தன. தெ லனாயின் கல்லறை இருக்கும் கோட்டைக்குள் சிப்பாய்கள் நடந்து சென்றார்கள்.

அரசர் தளவாயைத் தம்மவர் அல்லர் என்று விலக்கினார். துரத்தப்பட்ட வேலுத்தம்பி மண்ணடிக் கோவிலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தம்பி தூக்கிலிடப்பட்டார். செத்த உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் பலர் காணத் தொங்கவிட்டனர். உயிரற்ற உடலைப் பழிவாங்கியது மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது என்று கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார்.

இதோடு கதையை முடித்தால் முதலாம் மாணவன் வென்றதாகிவிடும். ஆனால் 1809க்குப் பின் நடந்தவற்றையும் சேர்க்காமல் கணக்கு நேராகாது. அடுத்த ரெசிடெண்ட் மன்றோ சில ஆண்டுகள் திவானாகவும் இருந்தார். அடிமைகளை வாங்கி விற்பதற்கு 1812இல் ஓரளவு தடை வந்தது. நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளுக்கு அது எட்டவில்லை. கிறிஸ்தவரான பெண்கள் மேலாடை அணியலாம் என்று அவர் காலத்தில் ஆணை பிறந்தது. அது மறுக்கப்பட்டும், மீண்டும் போராடியும், 1859 ஜூலையில்தான் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை அரச விளம்பரம் ஒத்துக்கொண்டது. அதுவும் சென்னைக் கவர்னர் டிரெவெல்யனின் வற்புறுத்தலுக்குப் பின்னர். நம் பங்குகளில் முன்வரிசையில் அமர்ந்து செபமாலை சொல்லும் பாட்டிமாரின் கொள்ளுப்பாட்டிகள் பெற்ற உரிமை அது. அந்தத் தாய்மாரிடம் போய், கும்பினியோடு கூட்டுச் சேராமல் இருந்திருந்தால் நாடு சுதந்திரமாக இருந்திருக்குமே என்று சொன்னால், "எந்த நாடு, எவருடைய சுதந்திரம்?" என்று கேட்டிருப்பார்கள். அக்கேள்விக்கு என்னிடம் எளிதான மறுமொழி இல்லை. தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்கக் கடவுள் வல்லவர் என்று நாம் விசுவசிக்கிறோம்; அதனால் தீமை செய்தவனுக்கு நன்மையின் புகழ் சேர்ந்துவிடாது. கும்பினி மிளகுக்காக வந்தது. மேலாடைக்காக வரவில்லை.

இத்தகைய சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1937இல் பதினோராம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், கடவுளை மறுக்கும் பொதுவுடைமையோடு எத்துறையிலும் ஒத்துழைக்கலாகாது என்று கற்பித்தார். நான்கே ஆண்டுகளில், 1941 ஜூன் 22ஆம் நாள் இட்லர் ருசியாவைத் தாக்கினார். ஆயுதம் தந்து ருசியாவுக்கு உதவ அமெரிக்கா முனைந்தபோது, சுற்றுமடலை மீறுவதாகுமா என்று அமெரிக்கக் கத்தோலிக்கர் கலங்கினர். தாக்கப்பட்ட ருசிய மக்களுக்கு உதவுவது வேறு, பொதுவுடைமைக் கொள்கையைத் தாங்குவது வேறு என்ற விளக்கம், பன்னிரண்டாம் பத்திநாதரின் இசைவோடு அங்குள்ள ஆயர்கள் வழியாகத் தரப்பட்டது. மறுபுறத்திலும் இதே தடுமாற்றம்தான். நம் பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தம் உழைத்த பொதுவுடைமைக் கட்சி, ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்த அதே போரை, ருசியா தாக்கப்பட்டபின் மக்கள் போர் என்று ஆதரித்தது. உடன்படிக்கை இட்லரை வீழ்த்தியது. போலந்தின் பொருட்டு மூண்ட போர், கத்தோலிக்கப் போலந்தை ஸ்டாலினின் கையில் விட்டு முடிந்தது. காத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளை 1940இல் கொன்றது எவர் என்பதை அறிந்தும், கூட்டு குலையுமே என்று ஆங்கில அரசு வாய் திறக்கவில்லை; சோவியத் அரசு அதை ஒப்புக்கொள்ள 1990 ஆயிற்று. ருசியாவுக்குத் துப்பாக்கி கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். கொல்லப்பட்டவர்களின் மனைவிமாரிடம் மௌனம் காத்ததைச் சொல்வேன். அது போருக்குத் தேவைப்பட்டதா, வசதிக்குத் தேவைப்பட்டதா?

இவ்வளவையும் சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் அந்த இரு இளைஞரிடமும் சொன்னேன். இரண்டாமவன் திருப்தியுற்றான் போலத் தோன்றியது. வரலாறு படிப்பவன் விடவில்லை. "அப்படியானால் 1804இல் மெக்காலே உதவ மறுத்திருந்தால்?" என்றான். அவர் மறுத்திருக்கமாட்டார், மறுப்பது அவர் வேலையல்ல என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "தெ லனாயின் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது சாமி?" என்று கேட்டான். இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, நீயே வந்து படித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் உதயகிரிக்குப் போகிறோம். போகிற வழியில் மயிலாடியையும் பார்த்துவிட வேண்டும் என்று அவன் இப்போதே கேட்டு வைத்திருக்கிறான்.